கையெழுத்து இருவருடையது: சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையை ஒரு பிரதியாக வாசித்தல்

சர்வதேசச் சட்டம் என்ற சொல் இப்போது எங்கட வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. தென்னாபிரிக்கா தொடுத்த வழக்கில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 26 அன்று இஸ்ரேலுக்கு எதிராக இடைக்கால உத்தரவுகளைப் பிறப்பித்தபோது, பள்ளிவாசல் முற்றத்திலும் தேத்தண்ணிக் கடையிலும் அதுதான் பேச்சு. உத்தரவுக்குப் பிறகும் காஸாவில் குண்டு விழுந்தது. உடனே பேச்சு மாறிவிட்டது: "சட்டமாவது மண்ணாவது, எல்லாம் பலமுள்ளவனுக்குத்தான்."

தமிழில் இந்த விடயம் பற்றி எழுதப்படுபவையும் பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளிலேயே நிற்கின்றன. ஒரு சாரார் சர்வதேசச் சட்டத்தை மேல்நீதிமன்றம் போலப் பார்க்கிறார்கள். உள்ளூரில் தோற்றால் அங்கே போய் நீதி வாங்கலாம் என்று நம்புகிறார்கள். மறுசாரார் அதை வெறும் நாடகம் என்று தள்ளிவிடுகிறார்கள். அந்தச் சட்டம் யாரால், யாருக்காக, எப்படி ஆக்கப்படுகிறது என்ற அடிப்படைக் கேள்வியை இரு சாராருமே கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கு ஹேக் வரை போகத் தேவையில்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா தோட்டங்களின் கதையே போதும்.

1964 ஒக்டோபர் 30 அன்று புதுடில்லியில் கைமாறிய கடிதங்களை நாம் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை என்கிறோம். மலையக எழுத்தில் அது ஒரு துரோகமாகப் பதிவாகியிருக்கிறது. அரசாங்க எழுத்தில் ஒரு தீர்வாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டு தரப்பும் அதன் விளைவைப் பேசின. அதன் வாசகத்தை எடுத்துவைத்து வாசித்தவர்கள் குறைவு. ஒரு கதையையோ கவிதையையோ வாசிப்பது போல, யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்டு அதை வாசிக்கலாம். அப்படி வாசித்தால் சர்வதேசச் சட்டத்தின் அரிச்சுவடி முழுவதும் அந்தச் சில பக்கங்களுக்குள் கிடக்கிறது.

சட்டத்தின் அரிச்சுவடி

நாட்டுச் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்குகிறது, பொலிஸ் நிறைவேற்றுகிறது, நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படியொரு பாராளுமன்றமும் இல்லை, பொலிஸும் இல்லை. அங்கே சட்டம் பிறப்பது பிரதானமாக இரண்டு வழியில். ஒன்று, நாடுகள் தாமே ஒப்புக்கொண்டு செய்யும் உடன்படிக்கை. மற்றது, கட்டாயம் என்று கருதி நாடுகள் நெடுங்காலம் பின்பற்றிவரும் வழக்காறு. நாகரிக நாடுகளுக்குப் பொதுவான சட்டக் கோட்பாடுகளையும் இவற்றோடு சேர்த்துக்கொள்வார்கள். சர்வதேச நீதிமன்றத்தின் நியதிச்சட்டம் 38ஆம் உறுப்புரையில் சொல்வது இதைத்தான். அதே நியதிச்சட்டத்தின் 34ஆம் உறுப்புரை, அந்த நீதிமன்றத்தின் முன் வழக்காளியாக நாடுகள் மட்டுமே வரலாம் என்கிறது. தனிமனிதனுக்கு அங்கே கதவு இல்லை.

ஆக, இந்தச் சட்டத்தின் உயிர்நாடி சம்மதம். ஒரு நாடு சம்மதிக்காத உடன்படிக்கை அந்த நாட்டைக் கட்டாது. இரண்டு நாடுகள் தங்களுக்குள் செய்யும் ஒப்பந்தம் மூன்றாவது நாடொன்றின் மீது அதன் சம்மதமின்றிக் கடமையைச் சுமத்த முடியாது என்று 1969ஆம் ஆண்டின் வியன்னா சமவாயம் எழுதிவைத்தது. அது அதற்கு முன்பே இருந்த வழக்காறு. மூன்றாவது நாட்டுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. மூன்றாவது மனிதனுக்கு? அந்தக் கேள்விக்கு மலையகம் கொடுத்த விலை பெரியது.

எங்கட ஃபிக்ஹு மரபிலும் நாடுகளுக்கிடையிலான உறவை ஆராயும் ஒரு துறை உண்டு. அதற்கு 'ஸியர்' என்று பெயர். ஹிஜ்ரி 189இல் வஃபாத்தான இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானி அதில் பெயர்போனவர். அந்தத் துறையில் 'அமான்' என்ற பாதுகாப்பு வாக்குறுதிக்கு முக்கிய இடமிருக்கிறது. ஆட்சியாளர் மட்டுமல்ல, ஒரு சாதாரண முஸ்லிமும் அந்நியர் ஒருவருக்கு அமான் கொடுக்கலாம். பெற்றவர் தனிமனிதராகவே அந்த உரிமைக்கு உரியவராவார். பழைய மரபில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. தனிமனிதனை உரிமையாளனாக நிறுத்திப் பேசும் சட்டச் சிந்தனை உலகத்துக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். பின்னாளில் ஐரோப்பாவில் வளர்ந்த சர்வதேசச் சட்டம் அரசுகளை மட்டுமே ஆளாகக் கண்டது. சனங்கள் அரசுகளின் உடைமைக் கணக்கில் போனார்கள்.

1964க்கு முன்

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். கிராமத்துச் சிங்களவரிடமும் யாழ்ப்பாணத்துத் தமிழரிடமும் யாரும் பூட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை. லயத்தில் இருந்தவரிடம் கேட்டார்கள். தோட்டத்து துரையின் செக்ரோலில் பெயர் இருந்தது. அந்தப் பெயர் எந்த நாட்டின் பதிவேட்டிலும் இல்லை.

பிறகு 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். இடையில் ஊருக்கு ஒரு கலியாணத்துக்கோ மரணத்துக்கோ போய் வந்ததுகூடச் சிக்கலாயிற்று. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரஜையானவர்கள் சுமார் 134,000 பேர்தான். 1949இலேயே தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகள் அல்லாதார் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1947 பாராளுமன்றத்தில் தலவாக்கலையின் உறுப்பினராக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அமர்ந்திருந்தார். 1952 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஒருவரும் தெரிவாகவில்லை. தெரிவு செய்ய வாக்காளர் இல்லை.

வாக்காளர் இடாப்பில் பெயர் கேட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை போனது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டங்களைத் தடுத்தது. ஆனால், தன் பிரஜைகள் யாரென்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான, நியாயமான வேலை என்று சொல்லி 1953இல் அந்த வழக்கைத் தள்ளிவிட்டார்கள். இது உள்நாட்டு யாப்பு வழக்கு. இருந்தாலும் அந்தத் தர்க்கம் சர்வதேசச் சட்டத்திலிருந்து வந்த தர்க்கம்தான். தன் நாட்டவர் யாரென்று ஒவ்வொரு நாடும் தானே தன் சட்டத்தால் தீர்மானிக்கும் என்று 1930இன் ஹேக் சமவாயம் சொன்னது. ஆனால் அந்த வாசகம் அதோடு நிற்கவில்லை. சர்வதேச உடன்படிக்கைகளுக்கும் வழக்காறுக்கும் பொதுக் கோட்பாடுகளுக்கும் இசைவாக இருக்கும் அளவுக்கே அந்தச் சட்டத்தை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்று அது தொடர்கிறது. முதற்பாதியை எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். பிற்பாதியை எடுத்துப் பேச ஆளில்லை.

பிரதிக்குள்

நேரு இருந்தவரை இந்தியாவின் நிலைப்பாடு ஓரளவு தெளிவாக இருந்தது: தலைமுறைகளாக அங்கே உழைத்த இந்த மக்கள் இலங்கையின் பொறுப்பு. 1964 மே மாதம் அவர் காலமானார். ஐந்து மாதத்தில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கணக்கை முடித்துவிட்டார்கள்.

கடிதத்தின் முதல் வாசகம் கேட்க நல்லாத்தான் இருக்கிறது. இலங்கைப் பிரஜையாகவோ இந்தியப் பிரஜையாகவோ ஏற்கப்படாத இந்திய வம்சாவளியினர் அனைவரும் இரண்டில் ஒன்றின் பிரஜையாக வேண்டும் என்பதே குறிக்கோள் என்கிறது. நாடற்ற நிலையை ஒழிப்பதுதான் நோக்கம். யார் குறை சொல்ல முடியும்? அடுத்த வாசகத்தில் மனிதர்கள் மறைந்து எண் வருகிறது: ஏறக்குறைய 975,000. அதற்கடுத்து வகுத்தல் கணக்கு: 300,000 பேர் இலங்கைக்கு, 525,000 பேர் இந்தியாவுக்கு, மிச்சம் 150,000 பேரின் கதை பிறகு. ஒவ்வொரு தொகையோடும் அதன் இயற்கைப் பெருக்கமும் சேரும். இனிப் பிறக்கப்போகும் பிள்ளையும் தொகையோடு சேர்த்துப் பங்கிடப்பட்டாயிற்று.

எந்த 300,000 பேர்? எந்த அடிப்படையில்? இங்கே பிறந்தவருக்கு முன்னுரிமையா, குடும்பம் பிரியக் கூடாதா, ஒருவர் விரும்பாத நாட்டை மறுக்கலாமா? இவற்றுக்குக் கடிதத்தில் பதில் இல்லை. எண் முதலில் தீர்மானமாகிவிட்டது. மனிதரைத் தேடி அந்த எண்ணை நிரப்புவது பிறகு செய்ய வேண்டிய அலுவலக வேலை. தோட்டத்து சனங்களின் பெரிய அமைப்பான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸிடம்கூட யோசனை கேட்கப்படவில்லை.

கடிதத்தில் நுணுக்கமாக எழுதப்பட்ட இடங்களும் உண்டு. அவை எவை என்று பார்த்தால் பிரதியின் மனசு தெரியும். ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை ஆகியவற்றைக் கொண்டுபோகலாம். நாணயக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுக் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக் கூடாது. வேலையில் இருப்பவர் திருப்பி அனுப்பப்படும்வரை அல்லது 55 வயதுவரை வேலை செய்யலாம். கொழுந்து பறிக்கும் கை தேவைப்படும்வரை இருக்கலாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். உழைப்பைப் பற்றி அந்தப் பிரதிக்கு நல்ல ஞாபகம் இருந்திருக்கிறது.

'திருப்பி அனுப்புதல்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். கொட்டகலையில் பிறந்து, கொட்டகலையிலேயே பேர் பதிந்து, பிரட்டுக் களத்தில் நின்று வளர்ந்த ஒருவரை மண்டபம் முகாமுக்கு ஏற்றுவது எப்படித் 'திரும்புதல்' ஆகும்? அவர் புறப்பட்ட இடமே அதுவல்லவே. ஒரு சொல்லுக்குள் பூட்டனின் பயணத்தைப் பேரன் தலையில் கட்டிவிட்டார்கள். போனவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தேயிலைக்கும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் இறப்பர்த் தோட்டங்களுக்கும், கேரளத்தில் புனலூருக்கும் போனார்கள். இங்கே 'இந்தியாக்காரன்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் ஏச்சு வாங்கியவர்களை அங்கே 'சிலோன்காரன்' என்றார்கள்.

நடைமுறையில் கணக்கு இன்னும் இறுகியது. 525க்கு 300 என்பது ஏழுக்கு நாலு. 1967இன் 14ஆம் இலக்க நடைமுறைப்படுத்தல் சட்டத்தின்படி, ஏழு பேர் இந்தியப் பிரஜையாகப் பதிவானால் நாலு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. 1971இன் திருத்தத்துக்குப் பிறகு, ஏழு பேர் உண்மையில் கப்பலேறினால்தான் நாலு பேருக்கு. ஹட்டனில் ஒரு குடும்பம் பிரஜையாவதற்கு வேறு ஒரு குடும்பம் தலைமன்னார் போக வேண்டும். மிச்சமிருந்த 150,000 பேரை 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். பாகப்பிரிவினைக்கும் ஒரு முறை உண்டு, வாரிசுகளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இங்கே அதுவும் இல்லை.

இதில் எந்தச் சட்டம் மீறப்பட்டது? அன்றைய நிலையில், நாடுகளுக்கிடையிலான எந்தவொரு கட்டாயக் கடமையும் மீறப்படவில்லை என்பதுதான் கசப்பான பதில். இறைமையுள்ள இரண்டு நாடுகள் சம்மதித்துக் கடிதம் மாற்றின. கடிதப் பரிமாற்றமும் சட்டத்தின் பார்வையில் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையே. முறைப்பாடு செய்யக்கூடிய மூன்றாவது நாடு இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஹேக்கில் கதவு இல்லை. இந்த இடத்தில்தான் 'துரோகம்' என்ற வாசிப்பு போதாமற் போகிறது. துரோகம் என்றால் இரண்டு தலைவர்கள் மாத்திரம் கெட்டவர்கள், நல்லவர்கள் வந்தால் சரியாகிவிடும் என்று பொருள். நடந்தது அதுவல்ல. அரசுகளின் சம்மதத்தில் மட்டும் நிற்கும் ஒரு சட்டமுறை, அரசில்லாதவர் விடயத்தில் வேலை செய்ய வேண்டிய விதமாகவே வேலை செய்தது.

இது இங்கே மட்டும் நடந்ததுமல்ல. 1923 ஜனவரி 30 அன்று லோசானில் கிரேக்கமும் துருக்கியும் சனங்களை மாற்றிக்கொள்ள உடன்பட்டன. மார்க்கத்தை மட்டும் அளவுகோலாக வைத்துப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் நாடு மாற்றப்பட்டார்கள். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் 'தாயகம்' என்று துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். அன்றைய ராஜதந்திரிகள் அதைச் சமாதான ஏற்பாடு என்று மெச்சினார்கள்.

சட்டத்தின் மறுகுரல்

அப்படியென்றால் சட்டம் முழுக்க முழுக்க அரசுகளின் கருவிதானா? அவ்வளவு சுலபமாக முடிவுகட்டவும் இயலாது. அதே காலத்தில் அதே சட்டத்துக்குள்ளிருந்து வேறு குரலும் வந்துகொண்டிருந்தது.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு, எவரிடமிருந்தும் அதை எதேச்சையாகப் பறிக்கக் கூடாது என்று அதன் 15ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது 25 நாள்தான். இலங்கை ஐ.நா.வில் சேர்ந்தது 1955 டிசம்பரில். பிரகடனமும் உடன்படிக்கை அல்ல; அது எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டவில்லை. நாடற்றோரின் அந்தஸ்து பற்றிய 1954 சமவாயமும், நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961 சமவாயமும் கட்டுப்படுத்தும் சட்டங்கள். 1964இல் டில்லியில் மேசைக்கு இருபுறமும் இருந்த இரண்டு நாடுகளும் இவற்றில் சேரவில்லை, இன்றும் சேரவில்லை.

1955 ஏப்ரல் 6 அன்று ஹேக் நீதிமன்றம் நொட்டெபோம் வழக்கில் தீர்ப்பளித்தது. 1905இல் குவாத்தமாலாவுக்குப் போய், பல தசாப்தம் அங்கேயே வியாபாரம் செய்த ஒரு ஜெர்மானியர், 1939இல் லீக்டென்ஸ்டைன் நாட்டுரிமையை வாங்கிக்கொண்டார். அந்த நாட்டோடு அவருக்கு மெய்யான பிணைப்பு இல்லை, ஆகவே குவாத்தமாலா அதை ஏற்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். வாழ்வு, தொழில், குடும்பம், பற்று ஆகியவற்றால் உண்டாகும் பிணைப்பே நாட்டுரிமையின் அடிப்படை என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. இந்தக் கருத்தை ஹட்டன் லயங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். மூன்று, நான்கு தலைமுறையின் பிணைப்பு இலங்கையோடு. இந்தியாவோடு ஒரு குலதெய்வத்தின் பெயரும் ஊர்ப் பெயரும். நொட்டெபோம் தீர்ப்பு இந்த மக்களுக்குத் தானாக உரிமை கொடுத்திருக்காது, உண்மைதான். அது ஒரு நாட்டுரிமையை இன்னொரு நாடு ஏற்க வேண்டுமா என்ற கேள்விக்கான பதில் மட்டுமே. ஆனால் வாதாடுவதற்கு ஒரு மொழியைக் கொடுத்தது. அந்த மொழியில் பேச மலையகத்துக்கு ஒரு மேடை கிடைக்கவில்லை.

எங்கட பங்கு

இந்தக் கதையை முஸ்லிம் வாசகர் ஏன் தன் கதையாக வாசிக்க வேண்டும்? முதல் காரணம் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது: இந்திய, *பாகிஸ்தானிய* வதிவாளர் சட்டம். கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டிப் பக்கமிருந்து வந்து மலையக நகரங்களில் கடை வைத்தவர்கள், மேமன்கள், போராக்கள் ஆகியோரும் அதே படிவத்தை நிரப்பி அதே வரிசையில் நின்றவர்கள். குடிசன மதிப்பில் 'இந்தியச் சோனகர்' என்று தனி நிரல் இருந்தது. இலங்கைச் சோனகர் நிரலில் இருந்தவர்கள் அதைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1948இல் முஸ்லிம் தலைமை அரசாங்கத்தின் பக்கம் இருந்தது. டி.பி. ஜாயா அந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சர். தோட்டத் தொழிலாளர் எவருடைய துறையின் கீழ் வந்தார்களோ அவர். சிறுபான்மை ஒன்று இன்னொரு சிறுபான்மையின் உரிமையை விலைபேசி நிலைக்க முடியுமா என்ற கேள்வியை எங்கட வரலாற்றெழுத்து இன்னும் நேராகக் கேட்கவில்லை. ஜாயாவைக் கல்வித் தந்தையாகக் கொண்டாடும் கட்டுரைகள் நிறைய உண்டு. அவற்றில் 1948 ஒரு வரியில் கடந்துபோகிறது.

இரண்டாவது காரணம் 1987. ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கையெழுத்திட்டார்கள். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்படும் என்றானது. கிழக்கு முஸ்லிம்கள் ஒரே இரவில் இன்னொரு மாகாணக் கணக்குக்குள் போனார்கள். யாரும் கேட்கவில்லை. அந்த ஒப்பந்தம் இலங்கையில் நான்கு இனக்குழுக்களைப் பெயர் சொல்லிக் குறித்தது: சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர். முஸ்லிம்களின் பெயர் இருந்தது, மேசையில் இடம் இல்லை. மலையகத் தமிழருக்குத் தனியாகப் பெயர்கூட இல்லை. 2002 பெப்ரவரியில் அரசாங்கமும் புலிகளும் செய்த போர்நிறுத்த உடன்படிக்கையிலும், 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களின் சமூகம் மூன்றாம் தரப்பாகக் கேட்ட இடம் கிடைக்கவில்லை. மேசையில் இடமில்லாமல் தங்கள் தலைவிதி எழுதப்படுவது என்னவென்று எங்களுக்கு இப்போது தெரியும். 1964இல் மலையகத்துக்கு அது நடந்தபோது பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு என்ன வேலை செய்தது?

உடன்படிக்கையின் 15 ஆண்டும், அதற்குப் பிறகான நீட்டிப்பும் 1981இல் முடிந்தன. கணக்கு முடியவில்லை. இந்தியாவுக்கென்று ஒதுக்கிய தொகைக்கு விண்ணப்பித்தவர்கள் போதவில்லை. ஏனென்றால் சனங்கள் போக விரும்பவில்லை. 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டோடு பல்லாயிரம் பேர் லயங்களிலேயே தங்கிவிட்டார்கள். எண் மனிதரிடம் தோற்றது என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு வந்தவை உள்நாட்டுச் சட்டங்கள்: 1986, 1988, கடைசியாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் அந்தச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. உடன்படிக்கையின் தேதியே அதை முறியடிக்கும் சட்டத்தின் அளவுகோலாயிற்று. ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகரகத்தின் உதவியோடு நடந்த பதிவு இயக்கத்தில் பத்தே நாளில் சுமார் 190,000 பேர் ஆவணம் பெற்றார்கள். அரை நூற்றாண்டாக 'சிக்கலானது' என்று சொல்லப்பட்ட வேலை அது.

இதைச் சாதித்தது எது? முதலில், 1977க்குப் பிறகு எண்ணிக்கையில் கூடிய மலையக வாக்கு, அதை வைத்துப் பேரம் பேசிய தொழிற்சங்க அரசியல். சர்வதேசச் சட்டம் பக்கத்துணையாக நின்றது: 1980இல் இலங்கை சேர்ந்த குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையும், 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாட்டுரிமையைப் பெறும் உரிமை உண்டு என்கின்றன. அரசு ஒப்புக்கொண்ட வாசகம் என்பதால் அதைக் காட்டிக் கேட்க முடிந்தது.

ஆனால் இங்கேயும் ஒரு படி இருக்கிறது. இலங்கையில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டால் மட்டும் அது நாட்டுச் சட்டமாகாது. பாராளுமன்றம் சட்டமியற்ற வேண்டும். 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம், ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முடிவை இங்கே நடைமுறைப்படுத்த முடியாது என்று மறுத்தபோது இந்த இடைவெளி எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்த ஆண்டு அந்த உடன்படிக்கையின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. அதன் 3ஆம் பிரிவு, வெறுப்புப் பேச்சைத் தடுக்க எழுதப்பட்டது, பின்னாளில் எழுத்தாளர்களைக் கைதுசெய்யப் பயன்பட்டது; அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். உரிமைச் சட்டத்தையும் வாசிக்கத் தெரியாவிட்டால் அது வேறு கைக்குப் போய்விடும்.

கடலுக்கு அப்பால் கதை இன்னும் முடியவில்லை. 1983க்குப் பிறகு அகதிகளாகத் தமிழ்நாட்டுக்குப் போன மலையகத்தார் பலர் இன்றும் முகாம்களில் நாடற்றவர்கள். இவர்களில் சிலரின் வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், மூன்று அயல்நாடுகளிலிருந்து வந்த முஸ்லிமல்லாத ஆறு சமயத்தவரை மட்டும் எடுத்துக்கொண்டது. முஸ்லிம்களும் இலங்கை அகதிகளும் ஒரே வாக்கியத்தால் வெளியே விடப்பட்டார்கள். 1949 படிவ வரிசையில் பக்கத்தில் நின்றவர்கள் எழுபது ஆண்டு கழித்து மறுபடியும் ஒரே வரிசையில்.

ஆகவே சர்வதேசச் சட்டத்தை நம்பலாமா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். உடன்படிக்கை ஒன்று கையில் வந்தால் கேட்க வேண்டியவை வேறு. இதில் தரப்பாக இருப்பவர் யார்? பேசுபொருளாக மட்டும் இருப்பவர் யார்? எங்கட அரசு எதில் சேர்ந்திருக்கிறது, எதில் சேராமல் நழுவியிருக்கிறது? சேர்ந்ததற்கு உள்நாட்டுச் சட்டம் உண்டா? அறிக்கை கேட்கும் குழு எது, அங்கே யார் போய்ப் பேசுகிறார்கள்? நவீன அடிமைத்தனம் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் 2021 இறுதியில் இலங்கைக்கு வந்தபோது மலையகத் தோட்டங்களின் நிலையையும் பேசினார். தோட்டத்துச் சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் எடுத்துக்கொடுத்த தகவல் இல்லாமல் அது நடந்திருக்காது. சட்டம் இந்த விதமாகத்தான், மெதுவாக, கீழிருந்து தள்ளினால் நகர்கிறது.

இதற்கு முதற்படி வாசிப்பு. 1964 கடிதங்கள், 1974 உடன்பாடு, 1954, 1961 சமவாயங்கள் இவை நல்ல தமிழில், குறிப்புகளோடு, தோட்டப் பாடசாலை ஆசிரியர் கையிலும் மத்ரஸா மாணவர் கையிலும் கிடைக்க வேண்டும். இலங்கை அந்த இரண்டு சமவாயங்களிலும் சேர வேண்டும் என்ற கோரிக்கையை மலையக அமைப்புகளோடு சேர்ந்து முஸ்லிம் அமைப்புகளும் எழுப்ப வேண்டும். 1948இல் சேர்ந்து எழுப்பாத குரல் அது. அடுத்த உடன்படிக்கை எந்த மேசையில், யாரைப் பற்றி எழுதப்படும் என்று இப்போது சொல்ல முடியாது. அதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.